பழைய சஞ்சிகைத் தொகுப்புகளைப் படிப்பது எப்படி: கொழும்பில் இருந்து தொடங்குவோருக்கு

தொகுப்பு நூலை வாங்கிவந்து முதற்பக்கத்தில் தொடங்குகிறவர்கள் பலர் எண்பதாம் பக்கத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். என்னுடைய முதல் தொகுப்பும் அப்படித்தான் இரண்டு வருடம் அலுமாரியில் கிடந்தது. எழுத்தில் குறையில்லை, அச்சிலும் குறையில்லை. ஒரு நாவலைப் படிப்பதுபோல் அதைப் படித்ததுதான் பிழை. சஞ்சிகைக் கட்டுரை ஒரு வாரத்துக்காக எழுதப்படுவது. அந்த வாரம் அரிசி என்ன விலை, எந்தப் படம் ஓடியது, எந்த ஊரில் வெள்ளம், பாராளுமன்றத்தில் யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் படிப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில், எழுதியவர் பாதியைச் சொல்லாமலே விட்டிருப்பார். தொகுப்பாளர் கட்டுரையை மட்டும் வெட்டியெடுத்து நம் கையில் தருகிறார். அந்த வாரம் பழைய இதழிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேலை ஒன்றுதான். கட்டுரையை அது வெளிவந்த வாரத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் படிக்க வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு இது கைக்கெட்டாத காரியமல்ல. காலி வீதியில் 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அரை நாளுக்குள் மூலஇதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். அதை எப்படிச் செய்வது என்று நான் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

பத்தாண்டைத் தெரிவு செய்தல்

தொடங்குகிறவர்கள் மிகப் பழையதைத்தான் கேட்கிறார்கள். 1930கள் வேண்டும், வீரகேசரி தொடங்கிய காலம் வேண்டும், மணிக்கொடி வேண்டும் என்பார்கள். ஆசை நல்லதுதான். ஆனாலும் என் புத்திமதி வேறு. உங்கள் வீட்டிலோ உங்கள் ஒழுங்கையிலோ ஒருவராவது நேரில் வாழ்ந்து நினைவில் வைத்திருக்கும் பத்தாண்டில் தொடங்குங்கள். இன்றைக்கு அது 1960களும் 1970களும்.

இதன் பலன் எனக்கு ஒரு சின்ன விஷயத்தில் தெரிந்தது. 1960களின் பிற்பகுதியில் வந்த ஒரு விவரணத்தில், கந்தோரில் வேலை பார்க்கும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசர அவசரமாகக் கோட்டைக்கு ரயில் பிடிக்கிறார். அச்சுப்பிழை என்று நினைத்து பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தேன். எங்கள் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஐயாவிடம் காட்டினேன். "அது பிழையில்லைத் தம்பி. அந்த நேரம் ஞாயிறு லீவில்லை. போயாவுக்குத்தான் லீவு. எங்கடை கலியாண நாள் வைக்கேக்கை கலண்டரோடை பட்ட பாடு!" என்றார். உண்மைதான். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் வார விடுமுறை சனி, ஞாயிறில் இருக்கவில்லை. சந்திரனின் நான்கு நிலைகளுக்கேற்ப வரும் போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் விடுமுறை. இதை அறியாமல் அக்காலத்துப் பத்திரிகை எழுத்தைப் படித்தால் ஆட்கள் எல்லோரும் விசித்திரமாக நடமாடுவதுபோல் தோன்றும். தெரிந்துவிட்டால் ஒரு குடும்பத்தின் வாரம் எப்படி நகர்ந்தது என்பதே கண்முன் வந்துவிடும்.

எந்தத் தொகுப்பை வாங்குவது

தமிழில் நமக்குக் கிடைப்பவற்றைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். ஈழத்துச் சஞ்சிகைகளிலிருந்து தொகுக்கப்பட்டவற்றில் சிறுகதைகளே அதிகம். மறுமலர்ச்சி, ஈழகேசரி, சுதந்திரன், மல்லிகை ஆகியவற்றில் வந்த சிறுகதைகளைச் செங்கை ஆழியான் தேடிப்பிடித்துத் தனித்தனித் தொகுப்புகளாக்கினார். ஒரு தனிமனிதர் செய்த அந்த உழைப்புக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அதே இதழ்களில் பக்கத்துப் பக்கத்தில் வந்த ஊர் விவரணங்கள், தலையங்கங்கள், வாசகர் கடிதங்கள், கேள்வி பதில்கள், நூல் மதிப்புரைகள் பெரும்பாலும் இதழோடு இதழாகவே நின்றுவிட்டன. கதை இலக்கியம், கட்டுரை செய்தி, செய்தி பழையதானால் கழிவு என்ற ஓர் எண்ணம் நம்மிடம் இருந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1950களின் சுன்னாகச் சந்தை எப்படி இருந்தது என்பதைக் கதையும் சொல்லும். ஆனால் அன்று மரக்கறி என்ன விலைக்குப் போனது, வண்டிக்காரர் என்ன முறையிட்டார் என்பதைப் பெயர் தெரியாத ஒரு நிருபர்தான் எழுதிவைத்திருப்பார்.

விதிவிலக்குகள் உண்டு. மல்லிகை தன் அட்டைப்படத்தில் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் வைத்து, உள்ளே அவர்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அவை பின்னர் மல்லிகைப் பந்தல் வெளியீடாக நூலுருப் பெற்றன. சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையில் அதன் ஆசிரியர் சுந்தர் எழுதிய மகுடி கேள்வி பதில்களும் நூலாக வந்தன. தொடங்குகிறவருக்கு இரண்டுமே பொருத்தம். துண்டு துண்டாகப் படிக்கலாம், ஒவ்வொரு துண்டிலும் ஒரு காலம் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் வசதி கூட. ஆனந்த விகடன் 1926 முதலான தன் இதழ்களிலிருந்து ஆண்டுவாரியாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. கொழும்பு வாசகருக்கு அது அந்நியமான பத்திரிகையல்ல. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும்வரை விகடனும் கல்கியும் குமுதமும் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தவை. உங்கள் பாட்டி படித்த பக்கத்தையே நீங்களும் படிக்க வாய்ப்புண்டு.

ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள் நியூயோர்க்கர் சஞ்சிகையின் பத்தாண்டுத் தொகுப்புகளில் ஒன்றையாவது பார்க்கவேண்டும். 1940கள், 1950கள், 1960கள் என்று பத்தாண்டுக்கு ஒரு நூலாக 2014 முதல் 2016 வரை வந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் இன்றைய எழுத்தாளர் ஒருவர், அந்தக் காலத்தில் சஞ்சிகை எப்படி இயங்கியது என்று சில பக்கம் எழுதியிருப்பார். அந்த அமைப்பு நம் தொகுப்பாளர்களும் கைக்கொள்ளவேண்டியது.

வாங்கும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலை, புறக்கோட்டைப் பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு, செப்டெம்பர் மாதத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி. மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் சிங்கள, ஆங்கில நூல்களே அதிகம். ஆனால் ஆங்கிலத் தொகுப்புகள் அங்கே எதிர்பாராத நேரத்தில் தட்டுப்படும். கடைக்காரரிடம் "தமிழ்க் கட்டு ஏதும் இருக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முன்வரிசையில் வைக்கமாட்டார்கள்.

முன்னுரையைக் கடக்கவேண்டாம்

வாங்குவதற்கு முன் கடையிலேயே நின்று முன்னுரையைப் படியுங்கள். தொகுப்பாளர் எத்தனை இதழ்களைப் பார்த்தார், எவை கிடைக்கவில்லை, எதை விட்டார், எழுத்துக்கூட்டலைத் திருத்தினாரா, நீண்ட கட்டுரையைச் சுருக்கினாரா என்று தேடுங்கள். பிறகு ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, அது எந்த இதழில் எந்தத் திகதியில் வந்தது என்ற குறிப்பு உண்டா என்று பாருங்கள். திகதி இல்லாத தொகுப்பு அழகான அட்டையோடு இருந்தாலும் தொடங்குகிறவருக்கு உதவாது. வருடம் மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். மாதமும் இருந்தால் நல்லது.

எதை முதலில் படிப்பது

வரிசையாகப் படிக்கவேண்டாம் என்று சொன்னேன். அப்படியானால் எந்த ஒழுங்கில்?

வாசகர் கடிதங்கள் இருந்தால் அவற்றில் தொடங்குங்கள். கேள்வி பதில் பகுதி இருந்தால் அடுத்தது அதுதான். மல்லிகையில் அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவா எழுதிய தூண்டில் பதில்களோ, சிரித்திரனின் மகுடி பதில்களோ, எதுவானாலும் அங்கே சாதாரண மனிதர் ஒருவர் தன் கவலையைத் தன் சொல்லில் கேட்டிருப்பார். அந்தக் காலத்தில் எதைக் கேட்கலாம் என்று நினைத்தார்கள், எதற்கு வெட்கப்பட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது அங்கேதான் முதலில் பிடிபடும். காது பழகிய பின் விவரணங்களுக்குப் போங்கள். தலையங்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். அது அந்த வாரத்து வாதத்தில் ஒரு தரப்பு. மற்றத் தரப்பு என்ன சொன்னது என்று தெரியாமல் படித்தால் ஆவேசம் மட்டும்தான் காதில் விழும்.

ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை போதும். இரண்டாவதைத் தொட்டால் முதலாவது கலைந்துவிடும்.

ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம்

எண்பது பக்கக் கொப்பி ஒன்று எடுங்கள். கட்டுரையைப் படிப்பதற்கு முதல் ஒரு பக்கத்தின் மேலே அதன் திகதியை எழுதுங்கள். கீழே இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள். முதலாவதில், அந்தத் திகதிக்கு முந்திய ஒன்றரை வருடத்தில் நாட்டில் நடந்தவை. இரண்டாவதில், கட்டுரையில் வரும் விலை, சம்பளம், பயண நேரம், வாகனம், உடுப்பு, சாப்பாடு. மூன்றாவதில், உங்களுக்கு விளங்காத சொற்களும் ஆட்களும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். உங்கள் தொகுப்பில் 1957 ஓகஸ்டில் வந்த அரசியல் கட்டுரை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். முதற் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? 1956 யூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியிருக்கிறது. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டிருக்கிறார்கள். அதாவது இந்தக் கட்டுரை வெளிவரும்போது மை காயவில்லை. இந்த இரண்டு வரி கொப்பியில் இருந்தால், கட்டுரையாளர் "இணக்கம்" என்றோ "விட்டுக்கொடுப்பு" என்றோ எழுதும் ஒவ்வொரு சொல்லும் பாரமாகிவிடும். இல்லாவிட்டால் பழைய அரசியல் பேச்சு என்று பக்கத்தைத் தள்ளிவிடுவீர்கள்.

இதில் முக்கியமான கட்டுப்பாடு ஒன்று உண்டு. முதற் கட்டத்தில் கட்டுரைத் திகதிக்குப் பிந்தியவற்றை எழுதவே கூடாது. 1958 ஏப்ரிலில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதத்தில் கலவரம் வெடித்தது, அவசரகாலச் சட்டம் வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். எழுதியவருக்குத் தெரியாது. அந்த இதழைக் காசு கொடுத்து வாங்கி, மாலையில் வாங்கில் இருந்து படித்த மனிதருக்கும் தெரியாது. அவர் அடுத்த வருடம் என்ன ஆகப்போகிறார் என்று அறியாதவராக, நம்பிக்கையோடோ கோபத்தோடோ அதைப் படித்தார். அவரோடு நாமும் அந்த இடத்திலேயே நிற்கப் பழகவேண்டும். எனக்கு இது பழக நீண்ட காலம் எடுத்தது. இப்போதும் 1957இல் எழுதிய ஒருவரின் நம்பிக்கையைப் படிக்கும்போது கொப்பியை மூடிவிட்டுச் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதே பயிற்சிக்கு நியூயோர்க்கரின் 1940கள் தொகுப்பில் நல்ல கட்டுரை ஒன்று இருக்கிறது. பசுபிக் கடலில் படகு உடைந்தபின் தன் ஆட்களைக் காப்பாற்றிய ஓர் இளம் கடற்படை லெப்டினன்ட்டைப் பற்றி ஜோன் ஹேர்சி எழுதியது. வந்தது 1944இல். அந்த லெப்டினன்ட்டின் பெயர் ஜோன் எப். கென்னடி. இன்றைக்கு அந்தப் பெயரைக் கண்டதும் வெள்ளை மாளிகையும் டலஸ் நகரமும் நமக்கு நினைவில் வந்துவிடுகின்றன. 1944 வாசகருக்கு அவர் போரில் உயிர்தப்பிய இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பையன், அவ்வளவுதான். ஒருமுறை பெயரை மறந்துவிட்டுப் படியுங்கள், அடுத்தமுறை பெயரோடு படியுங்கள். இரண்டும் வேறு வேறு கட்டுரைகளாக இருக்கும்.

மூலஇதழைத் தேடிப் போதல்

தொகுப்பில் பத்துக் கட்டுரை படித்து முடித்ததும், உங்களை மிகவும் தொட்ட ஒன்றைத் தெரிந்தெடுத்து, அது வந்த இதழை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள். இந்தப் படியை யாரும் விடக்கூடாது என்பது என் எண்ணம்.

ஏன் என்பதற்கு மறுபடியும் ஹேர்சியையே சாட்சிக்கு அழைக்கிறேன். அவர் ஹிரோஷிமாவைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரைக்காக 1946 ஓகஸ்ட் 31 நியூயோர்க்கர் இதழ் முழுவதும் ஒதுக்கப்பட்டது. அதே வருடம் அது நூலாகவும் வந்தது. நூலில் படித்தவருக்குத் தெரியாத ஒன்று இதழின் அட்டையில் இருக்கிறது. கோடைகாலப் பூங்காவில் மக்கள் களித்து விளையாடும் வண்ண ஓவியம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்று அட்டையிலிருந்து ஊகிக்கவே முடியாது. பூங்காவைப் பார்த்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிய வாசகருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எந்தத் தொகுப்பும் சொல்லாது.

நம் இதழ்களைப் பார்க்க எங்கே போவது?

வீட்டிலிருந்தே தொடங்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் இதழ் இதழாக, அட்டை முதல் பின்னட்டை வரை வருடப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. சஞ்சிகையின் பெயரைக் கொடுத்து, திகதியைப் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். மல்லிகை 1966 ஓகஸ்டில் தொடங்கியது. அந்தத் தொடக்ககால இதழ்களில் தேடிப் பழகுங்கள். தொலைபேசித் திரையில் படிக்காதீர்கள். முழுப்பக்கமும் ஒரே பார்வையில் தெரியவேண்டும், அதற்குக் கணினி வேண்டும்.

காகிதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் வெள்ளவத்தையில் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. சங்கம் 1942இல் தொடங்கியது. தமிழ்ச் சூழலில், தமிழில் கேட்டு, ஆறுதலாக இருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே 1925இல் நிறுவப்பட்ட கொழும்புப் பொது நூலகம். கொஞ்சம் தள்ளி தேசிய நூதனசாலை நூலகம். 1877இல் தொடங்கிய இந்த நூலகத்துக்கு 1885 முதல் நாட்டில் அச்சாகியவற்றின் பிரதிகள் சட்டப்படி வந்து சேர்ந்தன. சுதந்திர மாவத்தையில் தேசிய நூலகம். நாளிதழ்களின் பழைய கட்டுகளுக்குப் பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிகள் திணைக்களம். அரச நிறுவனங்களுக்குப் போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் அழைத்து, என்ன அனுமதி வேண்டும், எந்த நேரம் என்று கேட்டுவிடுங்கள். தேசிய அடையாள அட்டை, பென்சில், கொப்பி கொண்டுபோங்கள். பேனை வேண்டாம். இதழின் பெயர், மாதம், வருடம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் உத்தியோகத்தர்கள் விருப்பத்தோடு தேடித் தருவார்கள். "பழைய சஞ்சிகை ஏதாவது" என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் சிரமம்.

இதழ் கைக்கு வந்ததும் உடனே உங்கள் கட்டுரைக்குப் போய்விடாதீர்கள். அட்டையிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். விலை எத்தனை சதம்? எங்கே அச்சிட்டது? எந்தக் கடைகள் விளம்பரம் கொடுத்திருக்கின்றன? அந்தக் கடைகளில் எத்தனை இன்றும் செட்டியார் தெருவில் இருக்கின்றன? உங்கள் கட்டுரைக்கு எந்தப் பக்கம் கிடைத்திருக்கிறது, நடுவிலா கடைசியிலா? அது முடியும் இடத்தில் மிஞ்சிய மூலையை எதைக்கொண்டு நிரப்பியிருக்கிறார்கள்? அந்த மூலைத் துணுக்குகளில் நான் நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். அச்சுக்கோப்பவர் இடம் நிரப்பப் போட்ட நான்கு வரியில், ஆசிரியர் யோசித்து எழுதிய நான்கு பக்கத்தில் கிடைக்காத ஒன்று கிடைத்துவிடும்.

எழுத்தும் காசும் தெருவும்

மூலஇதழைத் திறந்தால் முதல் தடை எழுத்து. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முந்திய அச்சில் ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் சுழித்த ஒரே எழுத்தாக இருக்கும். ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் தலையில் யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு வரும். ஒகர, ஓகார வரிசையிலும் சில சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். இலங்கை அச்சகங்களில் ஈய எழுத்து இருந்தவரை பழைய வடிவமும் இருந்தது. மூன்று நாள் பழகினால் கண் தானாகப் படித்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை.

காசு அடுத்தது. இந்தியச் சஞ்சிகையில் விலை அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரிலுக்கு முந்தியதாக இருக்கலாம், ஏனெனில் அப்போதுதான் அங்கே நயா பைசா வந்தது. இலங்கையில் 1872 முதலே ரூபாவுக்கு நூறு சதம்தான்.

திகதிக்குப் பதிலாகத் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் போட்ட இதழ்களும் உண்டு. சுழற்சி அறுபது வருடம் என்பதால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2016இல் பிறந்த துர்முகியிலிருந்து 60ஐக் கழித்தால் 1956. துர்முகி ஆவணி என்று கண்டால் 1956 ஓகஸ்ட், செப்டெம்பர். அடுத்தது ஏவிளம்பி, அதற்கடுத்த விளம்பி 1958.

பெயர்களும் மாறியிருக்கும். பழைய விவரணத்தில் வரும் நோரிஸ் வீதி இன்றைய ஒல்கொட் மாவத்தை. றீட் அவெனியூ, நான் மேலே சொன்ன பிலிப் குணவர்தன மாவத்தை. விக்ரோறியாப் பூங்கா இன்றைய விகாரமகாதேவிப் பூங்கா. ஆங்கிலத்தில் 1972இல் நாட்டின் பெயரே மாறியது. தமிழில் அது முன்னும் பின்னும் இலங்கைதான் என்பதால், தமிழ்க் கட்டுரையில் அந்த மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும்.

புனைபெயர்களுக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். ஒரே ஆள் ஒரே இதழில் இரண்டு மூன்று பெயரில் எழுதுவது அன்று சாதாரணம். தான்தோன்றிக் கவிராயர் என்ற பெயருக்குள் இருப்பவர் சில்லையூர் செல்வராசன், மகாகவி என்பவர் உருத்திரமூர்த்தி, வரதர் என்பவர் தி. ச. வரதராசன் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவர, இருபது பேர் எழுதியதாகத் தெரிந்த இதழை ஐந்தாறு பேர் தோளில் சுமந்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இல்லாத பக்கங்கள்

தொகுப்பில் சில வருடங்கள் மெலிந்திருக்கும். அந்த வருடங்களில் நல்ல எழுத்து வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1958இல் அவசரகாலத்தோடு பத்திரிகைத் தணிக்கையும் வந்தது. 1973இல் பத்திரிகைச் சபைச் சட்டம் வந்தது, அதே வருடம் தினகரனை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனம் அரசின் கைக்குப் போனது. 1974இல் தவச பத்திரிகை நிறுவனத்துக்கு முத்திரை வைத்து மூடப்பட்டபோது அது வெளியிட்ட தினபதியும் சிந்தாமணியும் நின்றுபோயின. 1977இல்தான் மீண்டும் வந்தன. ஆகவே 1975க்கான சிந்தாமணிக் கட்டுரை உங்கள் தொகுப்பில் இல்லையென்றால் அது தொகுப்பாளர் விட்ட குறையல்ல.

எழுதி, அச்சாகி, பின் அழிந்தவை இன்னொரு பக்கம். 1981 யூன் முதலாம் திகதி அதிகாலையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு பழைய இதழ்க் கட்டுகளும் போயின. அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. 1983 யூலையில் கொழும்பில் எரிந்த வீடுகளில் எத்தனை அலுமாரிகளில் எத்தனை வருடச் சஞ்சிகைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன என்பதற்குப் பட்டியல் கிடையாது. ஒரு தொகுப்பாளர் "இவ்விதழ் கிடைக்கவில்லை" என்று அடிக்குறிப்பில் எழுதும்போது அந்த இரண்டு சொல்லைக் கடந்து போகாதீர்கள். கொப்பியில் அந்த இதழின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். எங்காவது, யாருடைய வீட்டிலாவது அது இருக்கலாம்.

வீட்டிலேயே இதழ் கிடைத்தால்

கிடைக்கும். கேட்கத் தொடங்கினால் கிடைக்கும். மேல்மாடி ஐயா போயா விஷயம் பேசிய அடுத்த கிழமை, பழைய சூட்கேஸ் ஒன்றிலிருந்து சிரித்திரன் இதழ்கள் பதினொன்றை எடுத்துவந்து தந்தார். "நான் படிச்சு முடிச்சிட்டன், நீங்கள் வைச்சிருங்கோ" என்றார். அவற்றில் ஒன்றைப் படியெடுக்கக் கொடுத்தபோது, கடையில் பக்கங்களை அழுத்தி விரித்ததில் முதுகு உடைந்து நடுத்தாள்கள் கழன்றுவிட்டன. அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆகவே போட்டோக் கொப்பிக் கண்ணாடியில் பழைய இதழைக் கவிழ்க்கவேண்டாம். சன்னலோரத்தில் மேசைமேல் வைத்து, வெயில் நேரே படாமல், மேலிருந்து தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அட்டையையும் விளம்பரத்தையும் விடாமல் எடுங்கள்.

செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் இருப்பதால் அது தானாகவே மஞ்சளாகி நொறுங்கும். வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கத்துக் கடற்காற்று அதை இன்னும் விரைவாக்கும். கடற்பக்கச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்கவேண்டாம். துருப்பிடித்த கம்பி இருந்தால் நகத்தால் இழுக்காமல் பின்பக்கம் மெல்ல நிமிர்த்தி எடுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே கூடாது, சில வருடத்தில் பசை காகிதத்துக்குள் இறங்கி எழுத்தை மூடிவிடும். அமிலமற்ற கடதாசியில் சுற்றி, பெட்டியில் தட்டையாகக் கிடத்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு உங்கள் கொப்பியின் "கிடைக்கவில்லை" பட்டியலோடு ஒப்பிடுங்கள். அதில் உள்ள ஓர் இதழ் உங்கள் கையில் இருந்தால், நூலகம் நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அவர்கள் முறையாக வருடி எல்லோருக்கும் கிடைக்கச் செய்வார்கள். கொடுப்பதற்கு முதல் இதழ்க்கட்டைச் சுற்றியிருக்கும் றப்பர் பாண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள், இழுத்துக் கழற்றாதீர்கள். ஓரத்தாள்கள் அதோடு வந்துவிடும்.